வயசு கேட்காத கணக்கு

மக்களே,

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் இப்படித்தான் கூப்பிடுவோம், ஊரார் பிள்ளையையும் இப்படித்தான் கூப்பிடுவோம். அதனால் என் மகளும், அவளோடு இந்த வருடம் சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவீர்கள். "அப்பா, டிவிக்க முன்னால இருந்து சத்தம் போடுகதுக்குப் பதிலா, எங்க குரூப்புக்கு எதாவது எழுதித் தரப்பிடாதா?" என்று கேட்டாள். எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பள்ளி இறுதி முடித்து, பயிற்சி எடுத்து, சுகாதாரப் பணியாளனாகச் சேர்ந்து, ஆய்வாளனாக ஓய்வு பெற்றவன். கொசுப்புழு பார்ப்பதையும் தண்ணீரில் குளோரின் பார்ப்பதையும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. நம் ஊரில் எல்லாரும் கேட்கிற ஒரு கேள்வியைப் பற்றி.

ஒரு மரணச் செய்தி வருகிறது. போனை எடுக்கிறோம். "ஆரு?" என்று கேட்கிறோம். அடுத்து என்ன கேட்போம்? தக்கலையில் கேட்டாலும் களியக்காவிளையில் கேட்டாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான். "எத்தற வயசு?" எண்பத்தைந்து என்று பதில் வந்தால், "ம், அனுபவிச்சுட்டுத்தான் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு, எந்தச் சட்டையைப் போடுவது என்று யோசிக்கிறோம். முப்பத்தெட்டு என்று வந்தால் போனைப் பிடித்த கை அப்படியே நின்றுவிடுகிறது. அடுப்படியில் இருந்து வீட்டுக்காரி "என்னவாம்?" என்று வந்து நிற்கிறாள். இரண்டும் மரணம்தான். ஆனால் இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

வீட்டில் தெரிகிற இந்த விஷயம் அலுவலகத்துக்குள் நுழைந்து ஒரு தாளைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகிறது. அப்படி மறந்ததால் ஒரு ஊர் தன் மருத்துவ முகாமை இழக்க இருந்தது. அதைச் சொல்கிறேன்.

ஊர்ப் பெயர்கள் வேண்டாம். ஒன்று கடற்கரை ஊர், அதைத் துறை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று உள்ளே ரப்பரும் வாழையும் நிற்கிற ஊர், அது விளை. நம் மாவட்டத்தில் பாதி ஊர்ப் பெயர் இந்த இரண்டில் ஒன்றில்தான் முடியும், ஆகவே யாருக்கும் வருத்தம் வராது. இரண்டும் என் பொறுப்பில் இருந்தவை.

விளையில் வீடுகள் பெரியவை. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார். படித்த பிள்ளைகள் பெங்களூரில். பெரிய கேட்டைத் திறந்து உள்ளே போனால் எழுபது தாண்டிய இரண்டு பேரும் ஒரு நாயும் இருப்பார்கள். வெளியூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் கடைசிக் காலத்துக்கு அங்கேதான் வந்து வீடு கட்டுவார்கள். கிறிஸ்தவ சபை நடத்துகிற முதியோர் இல்லம் ஒன்றும் அங்கே உண்டு. துறை நேர் எதிர். சந்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் காலில் வந்து விழும். ஒரு வீட்டில் இரண்டு தொட்டில் தொங்கும். ஆண்கள் கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

துறையில் மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் புதன்கிழமைதோறும் எங்கள் முகாம் நடக்கும். பிரஷர், சுகர் பார்ப்போம், மாத்திரை கொடுப்போம். அதற்குத் தவறாமல் வருகிற ஒருத்தி ஜெசிந்தா. மீன் விற்கிறவள். தலையில் மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தைச் சுமந்து ஊர் ஊராக நடப்பாள். அவளுக்குப் பிரஷர் கிடையாது. அவள் வருவது தன் தம்பி அருளப்பனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்காக. அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஆள் நல்ல திடம், ஆனால் பிரஷரோ, மருத்துவரே இரண்டு தடவை அளந்து பார்க்கிற அளவுக்கு ஏறி நிற்கும்.

"எனக்கு ஒண்ணும் இல்லே சாரே. இவளுக்கு வேற சோலி இல்லே" என்பான் அருளப்பன்.

"ஒண்ணும் இல்லாதவனுக்குத்தான் அந்த மிசினு அப்பிடிக் கெடந்து கூவுகா? இருலே அங்கன!"

"கலியாணத்துக்குப் பெண்ணு பாக்கப் போனப்பகூட நீ இப்பிடி இழுக்கல்லியே."

"அன்னைக்கு இழுக்காண்டாம், நீயே ஓடுன. சாரே, இவன் மாத்திரையெ எனக்க கையில தாங்க. இவன் கையில குடுத்தா கடல்ல மீனுக்குப் போட்டுருவான்."

ஒரு நாள் அவன் வெளியே போன பிறகு அவள் சொன்னாள். "சாரே, எங்க அப்பா போகும்ப அவருக்க தலையில ஒரு நரை கெடையாது. எனக்க மூத்த அண்ணனுக்கும் இல்லே. ரெண்டு பேரும் பேசிட்டு இருக்கச்சில நெஞ்சப் பிடிச்சிட்டுச் சரிஞ்சவங்க. எனக்க வீட்டு ஆம்பிளையள்ல ஒருத்தனுக்காவது நரைச்ச தலையெ நான் காணணும். வேற ஒண்ணும் மாதாகிட்ட கேக்கல்ல." அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, சருவத்தில் ஒட்டிய செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

இந்த நேரத்தில்தான் மேலேயிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஆள் பற்றாக்குறை, ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் வாராந்திர முகாமை, இறப்பு வீதம் அதிகமுள்ள ஊரில் நடத்த வேண்டும். உத்தரவில் தப்பில்லை. எங்கே சாவு அதிகமோ அங்கே மருந்து போகட்டும் என்பது நியாயம்தானே. அலுவலகத்தில் அட்டவணை போட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வருடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், அதை ஊர் மக்கள்தொகையால் வகுத்தால் ஆயிரத்துக்கு எத்தனை. பட்டியலின் உச்சியில் விளை நின்றது. துறையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. துறையோ அடியில் கிடந்தது, ஏதோ ஆரோக்கியத்துக்குப் பரிசு வாங்குகிற ஊர் மாதிரி.

எங்கள் மருத்துவ அலுவலர் மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், அவசரக்காரர். "துறையில நல்லாத்தான இருக்காங்க. முகாமை விளைக்கு மாத்திடுவோம்" என்றார். அறையில் இருந்த யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. எண் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம்.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. முதலில் விளையிலிருந்து ஒருவர் வந்தார். சபையில் நெடுங்காலம் உபதேசியாராக, வேதம் சொல்லிக் கொடுக்கிற ஊழியராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் உபதேசியார்தான். முட்டுவலி, இருந்தாலும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

"தம்பி, எங்க ஊருல சாவு ரெண்டு மடங்காமே? தண்ணியில எதாவது உண்டா? எனக்க மருமவ காலையில இருந்து கிணத்துத் தண்ணியெ தொடமாட்டேங்கா. வாழைக்கு விடுகதுக்கும் சம்மதிக்கமாட்டேங்கா."

தண்ணீரை நான்தான் பார்க்கிறேன், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எண் இரண்டு மடங்கு என்கிறதே.

அவருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்த நேரத்தில் வாசலில் சத்தம். ஜெசிந்தாவும் துறையின் பத்துப் பதினைந்து பெண்களும். மீன் சருவங்களை அலுவலக வாசலில் வரிசையாக இறக்கி வைத்துவிட்டார்கள். உள்ளே போகிறவர் தாண்டித்தான் போக வேண்டும்.

"எங்க ஊருல சாவு கொறவுண்ணு ஆரு எழுதுனது? அவுகள வரச் சொல்லுங்க! எழுதுன ஆளு எங்க கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பாக்கட்டும்!"

மருத்துவர் வெளியே வந்து பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, நான் சொல்லலை, கணக்கு சொல்லுது. விளையில உங்க ஊரைவிட ரெண்டு மடங்கு பேர் இறக்கிறாங்க. அவங்களும் மனுசங்கதான?"

ஜெசிந்தாவும் விளையில் மீன் விற்கிறவள், அங்கே யார் யார் வீட்டில் துக்கம் என்று அவளுக்கே தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப எனக்க தம்பி?" என்று மட்டும் கேட்டாள். முகாம் விளைக்குப் போனால் அருளப்பன் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பிரஷர் பார்க்கப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது, மக்களே, நான் நன்றி சொல்ல வேண்டிய ஆளைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் புள்ளியியல் பார்க்க ஒரு அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்திருந்தார். வந்து கொஞ்ச நாள்தான். மேடம் என்றே கூப்பிடுவோம். மீன் சாப்பிடாதவர், அதனால் எங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் தூரமாக உட்காருவார். நம் ஊர்ப் பேச்சும் அவருக்குப் பழகவில்லை. முதல் வாரம் எங்கள் டிரைவர் ஏதோ பழுதான வண்டியைப் பற்றி "அந்தச் சவத்தெ தள்ளுங்க மேடம்" என்றபோது, யாரோ இறந்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்றவர் அவர்.

அந்த அட்டவணை அவர் வருவதற்கு முன்பே போட்டது. அன்றுதான் அவர் கைக்கு வந்திருந்தது. மருத்துவர் உள்ளே வந்து பேனாவைத் திறந்தார். வெளியே சத்தம் கூடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து போன் வேறு, இன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று. மேடம் எழுந்து அவருடைய மேசைக்கு வந்தார்.

"சார், ஒரு கேள்வி. உங்க ஊர்ல யாராவது இறந்துட்டாங்கன்னு போன் வந்தா முதல்ல என்ன கேப்பீங்க?"

மருத்துவருக்கு எரிச்சல். "இப்ப எதுக்கும்மா அது? யாருன்னு கேப்பேன்."

"அப்புறம்?"

"என்ன வயசுன்னு கே..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நாம இந்தத் தாள்கிட்ட அதைக் கேக்கவே இல்லை சார்" என்றார் மேடம். குரலை உயர்த்தவே இல்லை.

மருத்துவர் பேனாவை மூடினார். மூடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும் மக்களே. வெளியே பெண்கள், போனில் மேலதிகாரி, மேசையில் தயாராக ஒரு தாள். அந்த நேரத்தில் கையெழுத்துப் போடுவதுதான் எளிது. தான் முடிவு என்று சொன்னதை எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவர் நிறுத்தி வைத்தார். போனில், "நாளைக்கு அனுப்புறேன் சார், ஒரு விஷயம் சரிபாக்கணும்" என்றார். அந்தப் பக்கம் என்ன திட்டு விழுந்ததோ, நாங்கள் கேட்கவில்லை. அவருக்கும் நான் நன்றி சொல்கிறேன். கணக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. அவர் பேசும்போது பேனாவை மூடுகிற ஒருவரும் வேண்டும்.

வெளியே போய் மேடம் ஜெசிந்தாவின் சருவத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். மூக்கைச் சுளிக்கவில்லை, அதற்கு எவ்வளவு முயற்சி எடுத்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நீங்களும் இன்னொரு அக்காவும் மீன் விக்கப் போறீங்கன்னு வைங்க. உங்க கூடையில மலிவான சாளை நிறைய, விலை கூடின நெய்மீன் கொஞ்சம். அவங்க கூடையில நெய்மீன் நிறைய. இந்தா, இது மாதிரி நெய்மீன்..." என்று ஒரு மீனைத் தொட்டுக் காட்டினார்.

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவ்வளவு நேரம் சண்டை போட்டவர்கள்.

"எனக்க அம்மோ! அது அயிலயாக்கும் மேடம். அதுக்கு நெய்மீன் வெல தருவியளா? அப்ப மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்!"

மேடமும் சிரித்தார். "சரி, அயிலை. நீங்களே சொல்லுங்க. சாயங்காலம் அவங்க கையில உங்களைவிட ரெண்டு மடங்கு காசு இருக்கு. அதை வச்சு அவங்க விலையை ஏத்தி விக்கிறாங்கன்னு சொல்ல முடியுமா?"

"அதெப்பிடிச் சொல்லுகது? அவளுக்க சருவத்துல வலிய மீனு. காசு கூடத்தான் வரும்."

"அப்ப யாரு விலை கூட வைக்கிறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"சாளைக்கு அவ என்ன வெல சொல்லுகா, நான் என்ன வெல சொல்லுகேன். நெய்மீனுக்கு அவ என்ன, நான் என்ன. அப்பிடித்தான் பாக்கணும்."

"அதேதான். இன்னும் ஒரு படி. ரெண்டு பேர் கூடையிலயும் ஒரே மாதிரி, இத்தனை சாளை, இத்தனை நெய்மீன்னு நானே போட்டுத் தரேன். உங்க விலைக்கு வித்தா எவ்வளவு, அவங்க விலைக்கு வித்தா எவ்வளவு? அப்ப தெரிஞ்சிரும் இல்லையா? ஊர்க் கணக்கும் அதுதான்க்கா. வயசுதான் மீன். அந்த வயசுல எத்தனை பேருக்கு எத்தனை சாவுங்கிறது விலை. விளைக் கூடையில வயசானவங்க நிறைய. அதனால மொத்தம் கூடத்தான் வரும். நாங்க இன்னைக்கு ரெண்டு ஊருக்கும் ஒரே கூடையைக் கொடுத்துப் பாக்கப் போறோம்."

ஜெசிந்தா கேட்டாள். "பாத்துட்டு, எங்களுக்கு எதிரா வந்தா?"

"எதிரா வந்தா எதிரா வந்ததைத்தான் சொல்லுவேன்" என்றார் மேடம்.

இந்தப் பதிலை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். ஜெசிந்தாவுக்கு நல்லது செய்ய அவர் கணக்குப் போடவில்லை. சரியான கேள்வியைக் கேட்கத்தான் போட்டார். அந்தப் பதிலைக் கேட்டதும் ஜெசிந்தா என்ன நினைத்தாளோ, சருவத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "வாங்கட்டி போவோம், மீனு கெட்டுப்போவும்" என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனாள்.

மீதி நாள் முழுவதும் நாங்கள் வேலை பார்த்தோம். எப்படிச் செய்தோம் என்ற விவரத்துக்குள் போகவில்லை, இப்போது உங்கள் கணினி தட்டினால் செய்துவிடும். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, ஒரே வருடத்துக் கணக்கை மேடம் ஏற்கவில்லை. சின்ன ஊரில் ஒரு வருடம் ஒரு படகு கவிழ்ந்தாலே எண் தாவிவிடும், ஆகவே சில வருடங்களைச் சேர்த்துப் பார்த்தார். இன்னொன்று, விளையின் மக்கள்தொகையைப் பார்த்து, "நாற்பது வயசு ஆம்பிளைங்களே இந்த ஊர்ல இல்லையா?" என்று கேட்டார். நான் விளக்கினேன். வீட்டுக் கணக்கு எடுக்கும்போது வளைகுடாவில் இருக்கிறவனை ஊரில் இல்லாதவன் என்று விட்டுவிடுவது எங்கள் வழக்கம். சரியான வழக்கம்தான், அவன் இங்கே இல்லையே. ஆனால் அவன் போனதும் ஊர்க் கணக்கில் மிஞ்சுவது அவன் அப்பாவும் அம்மாவும்தான். நம் மாவட்டத்தில் பாஸ்போர்ட்டில் விசா அடித்தாலே ஊருக்கு வயசு கூடிவிடுகிறது. மேடம் அதைக் கேட்டு, "இது எங்க ஊர்ல எனக்குத் தோணியிருக்காது சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பதில் வந்தது. வயதான பருவத்தில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் துறையில் இறப்பு அதிகம், ஆண்களிடம் மிகவும் அதிகம். இரண்டு ஊருக்கும் மாவட்டத்தின் வயதுக் கலவையையே கொடுத்துப் போட்டபோது வரிசை தலைகீழாகியது. துறை மேலே வந்தது, விளை கீழே போனது. துறையில் மொத்தச் சாவு குறைவாகத் தெரிந்ததற்குக் காரணம், அங்கே தொட்டில்கள் அதிகம் என்பதுதான். அந்தப் பிள்ளைகளின் கூட்டம் அவர்களுடைய அப்பன்மாரின் சாவை மறைத்துக்கொண்டு நின்றது.

மருத்துவர் தாளை வெகுநேரம் பார்த்தார். "இந்த முகாமையா எடுக்க இருந்தேன்" என்றார்.

மறுநாள் இரு ஊரிலிருந்தும் ஆள் வரச் சொன்னார். உபதேசியார் வந்தார், ஜெசிந்தா வந்தாள். முகாம் துறையிலேயே இருக்கட்டும் என்று மேலே எழுதப்போவதாக மருத்துவர் சொன்னார். ஜெசிந்தா கைகூப்பினாள். உபதேசியாரிடம் உங்கள் தண்ணீரில் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? அப்ப எங்கள மாதிரிக் கெழவனுவ சாவுகது கணக்கில வராதா? வயசாச்சுண்ணா கழிச்சிருவியளோ?"

என் மனதுக்குள் சுருக்கென்றது. முந்தின நாள் விளை கீழே போனபோது நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

மேடம்தான் பதில் சொன்னார். "கழிக்கல ஐயா. எந்த ஊர்ல ஆளுங்க சீக்கிரம் போறாங்கன்னு கேட்டா, அதுக்கு இந்தப் புது எண். இது ஒப்பிட்டுப் பாக்க மட்டும்தான். இந்த எண் அளவுக்கு ஒரு ஊர்லயும் யாரும் சாகலை, இது நாங்க போட்ட கற்பனைக் கூடை. ஆனா எத்தனை வீட்டுல ஆள் படுத்திருக்காங்க, எத்தனை வீட்டுக்கு நாங்க வரணும்னு கேட்டா, அதுக்குப் பழைய எண்தான் சரி. அதுல உங்க ஊர்தான் முதல்ல."

அப்புறம் மேடம், "உங்க ஊருக்கு முகாம் வச்சிருந்தா நீங்க வந்திருப்பீங்களா ஐயா?" என்று கேட்டார்.

"எங்கன வாரது? எனக்க முட்டு சம்மதிக்கண்டாமா? ஆட்டோக்காரனுக்குத்தான் லாபம்" என்றார் உபதேசியார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். ஜெசிந்தா, "உபதேசியாரே, நான் மீனு கொண்டு வரும்ப உங்களத் தூக்கிட்டு வருவேன், சருவத்துல எடம் உண்டு" என்றாள். "வேண்டாம் பிள்ளே, நெய்மீன் வெலைக்கு வித்துருவ நீ" என்றார் அவர்.

விளைக்கு என்ன வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. மண்டபத்தில் நடக்கிற முகாம் அவர்களுக்குப் பயன்படாது. வீட்டுக்கு வருகிற ஆள்தான் வேண்டும். எங்கள் செவிலியர் வாரத்தில் ஒரு நாள் விளையில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருக்கிறவர்களைப் பார்ப்பது என்று ஏற்பாடானது. மேலேயிருந்து கொஞ்சம் முணுமுணுப்போடு சம்மதம் வந்தது. உபதேசியார் அதன் பிறகும் பல வருடம் இருந்தார். செவிலியர் போகும் நாளில் கேட்டைத் திறந்து வைத்து, நாயைக் கட்டிப் போட்டு, சட்டை மாற்றி உட்கார்ந்திருப்பாராம். அவர் போனபோது எனக்கும் போன் வந்தது. நானும் அதே கேள்வியைக் கேட்டேன். தொண்ணூற்றைத் தொட்டிருந்தார்.

துறையில் ஆண்கள் ஏன் சீக்கிரம் போகிறார்கள் என்பதை அந்த எண் எங்களுக்குச் சொல்லவில்லை. அது எங்கே பார் என்று விரல் நீட்டியது, அவ்வளவுதான். பார்க்கப் போனது நாங்கள். உப்பு, பீடி, சாராயம், கடலில் விபத்து, அளக்காமல் விட்ட பிரஷர் என்று ஒவ்வொன்றாகத் தேடியது வேறு கதை, அதில் தோற்றதும் உண்டு. நீங்களும் ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தெரிந்துவிட்டதாகப் பேசாதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் தாளிடம் வயசைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, வயசானவர் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

மேடம் பிறகு சொந்த ஊர்ப் பக்கம் மாறுதலாகிப் போனார். போகிற அன்று ஜெசிந்தா அலுவலகத்துக்கு வந்து, மீன் சாப்பிடாதவருக்கு வேறு என்ன கொடுப்பது என்று தெரியாமல், ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரியும் நினைத்துக்கொள்வோம்.

போன மாதம் ஜெசிந்தாவின் மகளுக்குத் துறையில் கல்யாணம். என்னை அழைத்திருந்தாள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் மாமன் முறைக்கு நிற்கிற ஆளைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, இடுப்பில் கொஞ்சம் தொப்பை, தலைமுடி கரிக்கட்டை போலக் கறுப்பு. அருளப்பன். இன்றும் புதன்கிழமை மாத்திரை வாங்குகிறவன், இன்றும் தானாக வராதவன்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்து அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள், ஆனால் குரல் அதே அலுவலக வாசல் குரல்.

"சாரே, இவனெப் பாத்தியளா? எனக்க வீட்டுல நரை கண்ட மொத ஆம்பிளை. அதுக்கு எத்தற புதன்கிழமை இவனுக்க சட்டையெ பிடிச்சு இழுத்திருப்பேன்! மகளுக்க கலியாணத்துல நாலு பேரு பாக்கட்டும்ணு நான் இருந்தா, எரப்பாளி காலையில போய் டை அடிச்சிட்டு வந்து நிக்கான்!"

"போட்டோவுல கெழவன் மாதிரித் தெரியும்லா, அதுனாலாக்கும் சாரே" என்றான் அருளப்பன், வெட்கப்பட்டுக்கொண்டு.

"கெழவனாத்தாம்லே தெரியணும்!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவன் தலையை வளைத்துப் பிடித்து, காதுக்குப் பின்னால் எனக்குக் காட்டினாள். அங்கே டை படாமல் விட்டுப்போன ஒரு கீற்று, நல்ல வெள்ளையாக இருந்தது. அதை விரலால் ஒரு தடவை தடவிவிட்டாள்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தேன்.